வயிற்றில் அடிபட்டவரின் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? துணைக்கு இருப்பவர்களுக்கான வழிகாட்டி

வயிற்றில் அடிபட்ட ஒருவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தால், முதல் நாளே ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வரும். அதில் நமக்குப் புரியும் ஒரே வார்த்தை நோயாளியின் பெயர்தான். என் தம்பி வண்டியிலிருந்து விழுந்து, மண்ணீரலும் ஒரு கிட்னியும் அடிபட்டுக் கிடந்தபோது நானும் அப்படித்தான் விழித்துக்கொண்டு நின்றேன். டாக்டர்கள் சொல்ல மாட்டேன் என்றில்லை. ரவுண்ட்ஸில் அவர்கள் நிற்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் எதைக் கேட்பது என்பதுதான் நமக்குப் பிடிபடுவதில்லை.

அத்தனை சொற்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த ரிப்போர்ட்டிலும் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: எந்த இடம், எந்த உறுப்பு, என்ன மாதிரி சேதம், எவ்வளவு மோசம், இனி என்ன செய்யப் போகிறார்கள். புதிதாக வரும் சொல் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில் போய் உட்கார்ந்துவிடும். இதைப் படித்துவிட்டுச் சிகிச்சையை நீங்களே தீர்மானிக்கக் கிளம்ப வேண்டாம். சரியான கேள்வியைக் கேட்க உதவினால் போதும்.

1. முதலில் இடது வலதைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ரிப்போர்ட்டில் ரைட், லெஃப்ட் என்று வருவதெல்லாம் நோயாளியின் வலது, இடது. சிடி ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் படத்தின் இடப்பக்கம் தெரிவது அவருடைய வலப்பக்கம். அதனால்தான் கல்லீரல் இடப்பக்கம் இருப்பது போலத் தெரியும், பதற வேண்டாம்.

தொப்புளின் வழியாகக் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டால் வயிறு நான்காகப் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு குவாட்ரன்ட். வலது மேல்பகுதியில் கல்லீரலும் பித்தப்பையும், இடது மேல்பகுதியில் மண்ணீரலும் இரைப்பையின் பெரும்பகுதியும் இருக்கின்றன. வலது கீழ்ப்பகுதி குடல்வால் இருக்கும் இடம். இடது கீழ்ப்பகுதியில் பெருங்குடலின் கடைசி வளைவு. கூடவே வரும் சில சொற்கள்: எபிகாஸ்ட்ரியம் என்றால் நெஞ்சுக்குழிக்குக் கீழே, சுப்ராப்யூபிக் என்றால் அடிவயிற்றின் நடுவே, ஃபிளாங்க் என்றால் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள பக்கவாட்டுப் பகுதி. கிட்னிக்கு அடிபட்டால் வலியும் கன்றலும் பெரும்பாலும் ஃபிளாங்கில்தான்.

ஒரே மாதிரி ஒலித்துக் குழப்பும் இரண்டு சொற்கள் உண்டு. பெரிட்டோனியம் என்பது வயிற்றுக்குள் குடலையும் மற்ற உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு. பெரினியம் என்பது கவட்டுப் பகுதி, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடம். அதேபோல இலியம் என்று வந்தால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சொல்லும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

2. உறுப்பு கெட்டியானதா, உள்ளே வெற்றிடம் உள்ளதா?

நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டிய படி இது. ஏன் ஒருவரை உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள், இன்னொருவரை ஏன் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கான விடையில் பாதி இதில் இருக்கிறது.

கல்லீரல், மண்ணீரல், கிட்னி, கணையம் ஆகியவை சாலிட் ஆர்கன், அதாவது கெட்டி உறுப்புகள். ரிப்போர்ட்டில் ஹெப்பாட்டிக் என்றால் கல்லீரல், ஸ்ப்ளீனிக் என்றால் மண்ணீரல், ரீனல் என்றால் கிட்னி, பான்கிரியாட்டிக் என்றால் கணையம். இவற்றில் அடிபட்டால் முதல் பயம் ரத்தக் கசிவு. கணையத்தில் மட்டும் அதன் செரிமான நீர் கசிவதும் சேர்ந்த கவலை.

இரைப்பை, குடல், பித்தப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் ஹாலோ விஸ்கஸ், அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள உறுப்புகள். கிழிந்தால் உள்ளிருப்பது வெளியே கொட்டும். குடலிலிருந்து கொட்டினால் பெரிட்டோனியம் புண்ணாகி பெரிட்டோனைட்டிஸ் வரும். இதில் பொறி என்னவென்றால், குடல் கிழிசல் முதல் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். வலியும் காய்ச்சலும் பல மணி நேரம் கழித்துத் தலைகாட்டலாம். ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டுக்குப் போகலாமா என்று அவசரப்படாதீர்கள். "அப்சர்வேஷன்" என்று எழுதிப் படுக்கவைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. காரில் பெல்ட் போட்டிருந்தவரின் வயிற்றில் பட்டையாகக் கன்றியிருந்தால் அதை சீட் பெல்ட் சைன் என்பார்கள். அது இருந்தால் குடலைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

ரெட்ரோபெரிட்டோனியல் என்ற சொல்லும் அடிக்கடி வரும். அந்தச் சவ்வுக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக என்று பொருள். கிட்னிகள், கணையத்தின் பெரும்பகுதி, பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாம் அங்கேதான். அங்கே ரத்தம் தேங்கினால் முன்பக்கம் வயிறு மெத்தென்றே இருக்கலாம்.

3. சேதத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?

கன்ட்யூஷன் என்றால் கன்றல். லேசரேஷன் என்றால் கிழிசல். ஹீமட்டோமா என்றால் ஓரிடத்தில் கட்டி நிற்கும் ரத்தம். அது உறுப்பின் உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் சப்கேப்சுலர் ஹீமட்டோமா. பெர்ஃபொரேஷன் என்றால் ஓட்டை, ரப்ச்சர் என்றால் வெடித்துக் கிழிவது, டிரான்செக்‌ஷன் என்றால் குறுக்கே முழுதாக வெட்டுப்படுவது, அவல்ஷன் என்றால் பிய்ந்து வருவது. பிளன்ட் டிராமா வெளியே தோல் கிழியாத மொத்தை அடி; பெனிட்ரேட்டிங் டிராமா குத்து, துளைப்பு.

ஹீமோபெரிட்டோனியம் என்றால் வயிற்றறைக்குள் ரத்தம். நியூமோபெரிட்டோனியம் என்றால் அதே இடத்தில் காற்று. ஏதோ ஒரு குடலோ இரைப்பையோ ஓட்டையாகியிருக்கலாம் என்பதற்கான தடயம். ஃப்ரீ ஃப்ளூயிட் என்று மட்டும் எழுதியிருந்தால் திரவம் தெரிகிறது, அது ரத்தமா வேறா என்று ஸ்கேன் சொல்லவில்லை.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். "கிரேடு 3 ஸ்ப்ளீனிக் லேசரேஷன் வித் மாடரேட் ஹீமோபெரிட்டோனியம், நோ ஆக்டிவ் கான்ட்ராஸ்ட் எக்ஸ்ட்ராவசேஷன்." உறுப்பு மண்ணீரல். சேதம் கிழிசல். தரம் 3. வயிற்றுக்குள் நடுத்தர அளவு ரத்தம் இருக்கிறது. ஆனால் ஊசி வழியே செலுத்திய மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியவில்லை, அதாவது ஸ்கேன் எடுத்த நேரத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. வரியின் முதல் பாதி பயமுறுத்துகிறது, இரண்டாம் பாதி ஆறுதல் தருகிறது. பலரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம்.

அப்புறம், "அன்ரிமார்க்கபிள்" என்றால் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, நல்ல செய்தி. "நெகட்டிவ்" என்றாலும் நல்லதே. "கெனாட் பி ரூல்ட் அவுட்" என்றால் இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இந்த வரி இருந்தால் அடுத்து என்ன சோதனை என்று கேளுங்கள்.

4. கிரேடு எவ்வளவு, அதைவிட முக்கியமாக, ஸ்டேபிளா?

கல்லீரல், மண்ணீரல், கிட்னி மூன்றுக்கும் அமெரிக்க டிராமா அறுவை மருத்துவர் சங்கத்தின் 1 முதல் 5 வரையிலான அளவுகோல் பரவலாகப் புழங்குகிறது. 2018-இல் அதைத் திருத்தினார்கள். எண் ஏற ஏறச் சேதம் அதிகம். மண்ணீரல் கிழிசலில் 1 செ.மீ.க்குள் ஆழம் என்றால் கிரேடு 1, 3 செ.மீ.க்கு மேல் என்றால் கிரேடு 3. 2018 திருத்தத்தின்படி கிட்னியில் 1 செ.மீ. வரை கிழிந்தால் கிரேடு 2, அதற்கு மேல் ஆழமாகியும் சிறுநீர் கசியாவிட்டால் கிரேடு 3, கிழிசல் சிறுநீர் சேரும் பகுதிக்குள் போய்விட்டால் கிரேடு 4. கிட்னி சிதறிப்போயிருந்தால் 5.

ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம். ஹீமோடைனமிக்கலி ஸ்டேபிள் என்ற சொற்களைத் தேடுங்கள். பிபி, பல்ஸ் இரண்டும் நிலையாக இருக்கின்றன என்று பொருள். ஸ்டேபிளாக இருப்பவரை, கிரேடு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், கத்தி வைக்காமல் கவனிப்பது இன்று வழக்கம். அதற்குப் பெயர் நான் ஆபரேட்டிவ் மேனேஜ்மென்ட். "ஒன்றுமே செய்யாமல் படுக்கவைத்திருக்கிறார்கள்" என்று சொந்தக்காரர்கள் கோபப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் மணிக்கணக்கில் பிபி பார்ப்பது, திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, ஹீமோகுளோபின் எடுப்பது எல்லாமே அந்தச் சிகிச்சைதான்.

டேக்கிகார்டியா என்றால் பல்ஸ் வேகம், ஹைப்போடென்ஷன் என்றால் பிபி இறக்கம். இரண்டும் சேர்ந்து வந்தால் ஷாக் என்ற சொல்லைக் கேட்க நேரலாம். அது அதிர்ச்சியோ மின்சாரமோ அல்ல, உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை. வயிற்றைப் பற்றிய குறிப்பில் சாஃப்ட் என்றால் நல்லது. கார்டிங் என்றால் தொட்டால் தசை இறுகுகிறது. ரிஜிடிட்டி என்றால் பலகை போல இறுகியே இருக்கிறது. இன்று சாஃப்ட், நாளை கார்டிங் என்று மாறினால் அது பெரிய செய்தி.

5. சிறுநீர்ப் பாதைச் சொற்கள்: இங்கேதான் குழப்பம் அதிகம்

யூரிட்டர் என்பது கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய், இரண்டு உண்டு. யூரித்ரா என்பது பையிலிருந்து வெளியே வரும் வழி, ஒன்றுதான். காதில் ஒன்றுபோல விழும். "மேலே உள்ள குழாயா, கீழே உள்ள வழியா?" என்று கேட்டுவிடுங்கள். டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹெமட்டூரியா என்றால் சிறுநீரில் ரத்தம். கண்ணுக்குத் தெரிந்தால் கிராஸ், லேபில் மட்டும் தெரிந்தால் மைக்ரோஸ்கோப்பிக். யூரின் பையில் இருக்கும் நிறத்தை வைத்துச் சேதத்தை அளக்க முடியாது. சின்னக் கன்றலுக்கே சிவப்பாகப் போகலாம். கிட்னியின் ரத்தக்குழாயோ யூரிட்டரோ அறுந்திருந்தால் சிறுநீர் தெளிவாகவே இருக்கவும் கூடும்.

ஆலிகூரியா என்றால் சிறுநீர் குறைவு, அனூரியா என்றால் அநேகமாக இல்லவே இல்லை, டிஸ்யூரியா என்றால் போகும்போது வலி அல்லது எரிச்சல், ரிட்டென்ஷன் என்றால் சிறுநீர்ப்பையில் இருக்கிறது ஆனால் போக முடியவில்லை. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மி.லி.யாவது வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. நர்ஸ் மணிக்கு மணி யூரின் பையைக் குனிந்து பார்த்து எழுதுவது இதைத்தான். சிறுநீரை நீங்களாகக் கொட்டிவிடாதீர்கள், கணக்கு கெட்டுவிடும்.

சிறுநீர்ப்பை கிழிசலில் இரண்டு வகை. இன்ட்ராபெரிட்டோனியல் என்றால் பையின் மேற்கூரை கிழிந்து சிறுநீர் வயிற்றறைக்குள் போகிறது. இதற்குப் பொதுவாக ஆபரேஷன் தேவைப்படும். எக்ஸ்ட்ராபெரிட்டோனியல் என்றால் சவ்வுக்கு வெளியே கசிகிறது. பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவோடு வரும். சிக்கல் இல்லாவிட்டால் யூரின் டியூப் போட்டுச் சுமார் இரண்டு வாரம் பையை ஓய்வில் வைத்தாலே ஆறிவிடுவது உண்டு. ஒரு முன்னொட்டுதான் வித்தியாசம், சிகிச்சையோ வேறு திசை. அதனால் இந்தச் சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். சிறுநீர் வெளிவரும் துவாரத்துக்குப் பெயர் மியேட்டஸ். இடுப்பிலோ கவட்டிலோ அடிபட்டவருக்கு அங்கே ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும், சிறுநீர் போக முட்டியும் வராவிட்டாலும், யூரின் டியூப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். யூரித்ரா கிழிந்திருக்கலாம். அப்போது டியூபைத் தள்ளினால் பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகும் ஆபத்து உண்டு. அதனால் முதலில் ரெட்ரோகிரேடு யூரித்ரோகிராம் என்ற எக்ஸ்ரே எடுப்பார்கள். வழி கிழிந்திருந்தால் அடிவயிற்றின் வழியாக நேரே பைக்குள் டியூப் வைப்பதற்குச் சுப்ராப்யூபிக் கேத்தீட்டர் என்று பெயர், சீட்டில் எஸ்.பி.சி. என்றிருக்கும்.

பிறப்புறுப்புக் காயங்களை வெட்கப்பட்டு மறைப்பதால் வரும் சேதம் அதிகம். ஸ்க்ரோட்டம் என்றால் விரைப்பை, டெஸ்டிஸ் என்றால் விரை, ஹீமட்டோசீல் என்றால் விரையைச் சுற்றி ரத்தம் சேர்வது. டெஸ்டிகுலர் ரப்ச்சர் என்று வந்தால் முதல் மூன்று நாளுக்குள் சரிசெய்தால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடுதல். டார்ஷன், அதாவது விரை முறுக்கிக்கொள்வது, இன்னும் அவசரம். சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால்தான் நல்ல பலன். சின்ன அடிக்குப் பிறகும் அது வரலாம். பீனைல் ஃபிராக்சர் என்றால் எலும்பு முறிவு அல்ல. உள்ளிருக்கும் உறை கிழிவது. பெண்களுக்கு வல்வல் ஹீமட்டோமா (வெளிப் பிறப்புறுப்பில் ரத்தக்கட்டு), வஜைனல் லேசரேஷன் (யோனியில் கிழிசல்) என்ற சொற்கள் வரும். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் இவை இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லிக் கேட்பது தவறில்லை.

6. டெஸ்ட்டுகள்: நேரமும் பில்லும்

ஃபாஸ்ட் ஸ்கேன் என்பது படுக்கையிலேயே சில நிமிடத்தில் முடியும் அல்ட்ராசவுண்ட். இதயத்தைச் சுற்றி, கல்லீரலுக்கும் கிட்னிக்கும் நடுவே, மண்ணீரலுக்கும் கிட்னிக்கும் நடுவே, அடிவயிற்றில் என நான்கு இடங்களில் திரவம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். "ஃபாஸ்ட் நெகட்டிவ்" என்பதால் எதுவுமே இல்லை என்றாகாது. குடல் கிழிசலும் பின்பக்க ரத்தமும் அதில் தப்பிவிடலாம்.

சிஇசிடி என்றால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி. முன்பு அலர்ஜி வந்திருந்தால், கிட்னிக் கோளாறு இருந்தால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால், கர்ப்பமாக இருக்கலாம் என்றால் உள்ளே போவதற்கு முன் சொல்லுங்கள். சிறுநீர்ப் பாதையில் சந்தேகம் என்றால் சில நிமிடம் பொறுத்து இன்னொரு சுற்றுப் படம் எடுப்பார்கள், அதற்கு டிலேய்டு ஃபேஸ் என்று பெயர். அது எடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். விட்டுப்போனால் மறுபடி ஒரு சிடி, மறுபடி ஒரு பில். சிறுநீர்ப்பையைக் கான்ட்ராஸ்ட் மருந்தால் நிரப்பி எடுக்கும் சிஸ்டோகிராம் தனி.

பில்லில் ஹீமோகுளோபின் ஒரே நாளில் பலமுறை இருந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். ரத்தம் போன முதல் சில மணி நேரத்தில் அந்த எண் நார்மலாகவே காட்டலாம். தொடர்ந்து பார்த்தால்தான் இறக்கம் தெரியும். கேட்க வேண்டியது வேறு. ஆஞ்சியோ எம்போலைசேஷன், அதாவது ரத்தக்குழாய் வழியே போய்க் கசிவை அடைப்பது, என்றால் அடைக்க வைக்கும் காயில்களுக்கு (சின்னச் சுருள் கம்பிகள்) தனி விலையா? ஏற்பாடு செய்த ரத்தப் பைகளில் ஏற்றாதவற்றுக்குக் கட்டணம் உண்டா? யூரிட்டருக்குள் வைக்கும் ஸ்டென்ட்டை, அதாவது மெல்லிய குழாயை, எடுக்கும் செலவு இதில் அடக்கமா? மூன்றையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஆபரேஷன் பெயரை வாலிலிருந்து படியுங்கள்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெயரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். எக்டமி என்று முடிந்தால் எடுத்துவிடுவது: ஸ்ப்ளீனெக்டமி, நெஃப்ரெக்டமி. ஆஸ்டமி என்று முடிந்தால் உடலுக்கு வெளியே திறக்கும் வாய் வைப்பது: கொலாஸ்டமி, நெஃப்ராஸ்டமி. ஆட்டமி என்றால் திறப்பது: லேப்பராட்டமி, வயிற்றைத் திறந்து பார்ப்பது. ராஃபி என்றால் தைப்பது, பிளாஸ்டி என்றால் சீரமைப்பது, ஸ்கோப்பி என்றால் குழாய் விட்டுப் பார்ப்பது. முன்பகுதி உறுப்பைச் சொல்லும்: நெஃப்ரோ கிட்னி, சிஸ்டோ சிறுநீர்ப்பை, என்ட்ரோ குடல், ஆர்க்கி விரை. "எடுக்கப் போகிறீர்களா, தைக்கப் போகிறீர்களா, வாய் வைக்கப் போகிறீர்களா? வாய் என்றால் தற்காலிகமா?" இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் கையெழுத்து வேண்டாம். உயிர் போகும் அவசரம் என்றால் மட்டும் சட்டென்று போட்டுவிடுங்கள், பேச்சு அப்புறம்.

8. கேஸ் ஷீட்டின் சுருக்கெழுத்து

என்.பி.ஓ. என்றால் வாய்வழி எதுவும் கூடாது, தண்ணீரும்தான். பி/ஏ என்றால் வயிற்றைப் பரிசோதித்தது. என்.ஏ.டி. என்றால் கோளாறு எதுவும் காணவில்லை. # என்றால் எலும்பு முறிவு. ஐ/ஓ என்றால் உள்ளே போனதும் வெளியே வந்ததுமான திரவக் கணக்கு. பி.ஓ.டி. 2 என்றால் ஆபரேஷனுக்குப் பின் இரண்டாம் நாள். "பாஸ்டு ஃப்ளேட்டஸ்" என்றால் காற்றுப் பிரிந்தது. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படும் வரி.

9. டிஸ்சார்ஜுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும், படங்கள் உள்ள குறுந்தகடு அல்லது ஃபிலிம், ரத்தம் ஏற்றிய விவரம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். உறுப்பு எதையாவது எடுத்திருந்தால் அதன் பயாப்சி ரிப்போர்ட் பிறகுதான் வரும். எங்கே, எப்போது என்று கேட்டுவையுங்கள். இன்சூரன்ஸோ வழக்கோ இருந்தால் காயச் சான்று தனியாகத் தேவைப்படும். பெயர், வயது, தேதி, இடது வலது ஆகியவை எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கவுன்டரிலேயே சரிபாருங்கள். ஒரு தாளில் "ரைட் கிட்னி", இன்னொன்றில் "லெஃப்ட் கிட்னி" என்று இருந்தால் திருத்தி வாங்க அலைவது உங்கள் தலையில்தான் விழும்.

சம்மரியில் தேதியோடு இருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, டிஜே ஸ்டென்ட் வைத்திருந்தால் எடுக்கும் நாள். அது யூரிட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய். பொதுவாகச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டியது. வலி போனதும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் உப்புப் படிந்து கல்லாகி, எடுப்பதே பெரிய வேலையாகிவிடும். இரண்டாவது, மண்ணீரலை எடுத்திருந்தால் நிமோகாக்கஸ், மெனிஞ்ஜோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி தடுப்பூசிகள். அவசர ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வாரம் கழித்துப் போடுவது வழக்கம். அதற்குமேல் எப்போது காய்ச்சல் வந்தாலும் "மண்ணீரல் இல்லை" என்று முதலில் சொல்ல வேண்டும். மூன்றாவது, எத்தனை வாரம் கனம் தூக்கக் கூடாது, விளையாடக் கூடாது என்பது. "ரெஸ்ட்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் எண் கேட்டு எழுதி வாங்குங்கள். மண்ணீரல் காயம் சில நாள் கழித்தும் திரும்பக் கசியலாம் என்பதால் இந்த எண் சும்மா இல்லை.

வீட்டுக்கு வந்தபின் வயிற்று வலி கூடினால், மயக்கம் வந்தால், சிறுநீர் மீண்டும் சிவந்தால் அல்லது நின்றால், காய்ச்சல் வந்தால், இடது தோள்பட்டை காரணமில்லாமல் வலித்தால் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இருக்கும் டூட்டி டாக்டருக்கு உங்கள் கதை தெரியாது. உறுப்பு, கிரேடு, அடிபட்டு எத்தனையாவது நாள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற வரிசையில் சொல்லி, சம்மரியை நீட்டுங்கள்.